தெய்வப் பணிக்குத் தணிக்கை உண்டா?

பெங்களூரு விதான சௌதாவின் முகப்பில், அரசாங்கத்தின் பணி தெய்வத்தின் பணி என்று பொறித்திருக்கிறார்கள். 1956-இல் கட்டி முடிந்த மாளிகை அது. இந்த வாசகத்தை இருவிதமாகப் படிக்கலாம். தெய்வத்துக்கு அஞ்சுவதுபோல் அஞ்சி வேலை செய் என்பது ஒன்று. தெய்வப் பணியை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பது மற்றொன்று. ஊழலை ஒழிக்கப் புறப்படும் சீர்திருத்தவாதிகள் பலர், தம்மை அறியாமலே இரண்டாவது பொருளில் நின்றுவிடுகிறார்கள். ‘நான் நேர்மையானவன், என்னை நம்புங்கள்’ என்கிறார்கள். மனம் தூய்மையாக இருந்தால் கணக்குக் காட்டத் தேவையில்லையா? தேவை. பணி எவ்வளவு புனிதமோ அவ்வளவு கடுமையாகக் கணக்கு கேட்கப்பட வேண்டும்.

விதான சௌதாவுக்குப் பக்கத்துச் சந்திப்பில் குதிரைமேல் சிலையாக அமர்ந்திருக்கும் பசவண்ணரிடமிருந்தே இதற்குச் சான்று எடுக்கலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாணத்து அரசன் பிஜ்ஜளனின் கருவூலத்தைக் காத்தவர் அவர். அரசன் பணத்தை அடியார்களுக்கு வாரி இறைக்கிறார் என்று பழி வந்தபோது, பெட்டிகளைத் திறந்து எண்ணிப் பார்த்தார்கள், ஒரு காசும் குறையவில்லை என்கிறது அவரைப் பின்பற்றும் சரண மரபு. இதை அற்புதமாகக் கொண்டாடுகிறவர்கள் முக்கியமானதை விட்டுவிடுகிறார்கள். பக்தன் என்பதால் அவரை யாரும் விட்டுவிடவில்லை; பெட்டி திறக்கப்பட்டது. நம் உத்திரமேரூர்க் கல்வெட்டும் (பராந்தக சோழன் காலம், 919, 921) இதே திசையில்தான் போகிறது. முன்பு ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடவோலையில் எழுதக் கூடாது. அங்கே தடையை உண்டாக்கியது கண்ணுக்குத் தெரியும் ஒரு செயல்: கணக்குக் கொடுத்தாரா, இல்லையா.

தணிக்கையாளரை மக்களே தேர்ந்தெடுத்தால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் அப்படித்தான் நடக்கிறது. மாசசூசெட்ஸில் டயானா டிசோக்லியோ, மாநிலச் சட்டமன்றத்தையே தணிக்கை செய்வேன் என்று வாக்குக் கேட்டு 2022-இல் வென்றார். 2024-இல் அதற்கான அதிகாரத்துக்கு வாக்காளர்களில் சுமார் 72 விழுக்காட்டினர் ஒப்புதல் தந்தும் சட்டமன்றத் தலைமை இணங்கவில்லை. அந்த அவையில் அவரும் உறுப்பினராக இருந்தவர். தம் பழைய சகாக்களை அவர் எப்படி நடுநிலையாகத் தணிக்கை செய்வார் என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. வாக்கு துணிவைத் தரும். ஆனால் கணக்கைப் புரட்டும் முன்பே குற்றத்தைக் கண்டுபிடிப்பேன் என்று உறுதி சொல்பவர் தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிடுகிறார். சீர்திருத்த ஆர்வமும் ஒரு பற்றுதான்.

நியமிக்கப்பட்டவர் நியமித்தவருக்குக் கடன்பட மாட்டாரா? படலாம். அதனால்தான் இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையர் ஓய்வுக்குப் பின் மத்திய, மாநில அரசுகளில் வேறு பதவி ஏற்கக் கூடாது என்று நம் அரசமைப்பின் 148-ஆம் பிரிவு கதவை அடைக்கிறது. கர்நாடகத்தில் ஊழல் புகார்களை விசாரிக்கும் லோகாயுக்தாவாக, ஒரு வாக்கும் பெறாமல் இருந்த சந்தோஷ் ஹெக்டே, சட்டவிரோதச் சுரங்கத்தால் 16,085 கோடி ரூபாய் இழப்பு என்று 2011 ஜூலை 27-இல் அறிக்கை கொடுத்தார். நான்கே நாளில் முதல்வர் எடியூரப்பா விலகினார். சுரங்கம் தொடர்பான லஞ்ச வழக்கில் 2016-இல் சிறப்பு நீதிமன்றம் எடியூரப்பாவை விடுவித்தது. தணிக்கையாளர் சொல் தீர்ப்பாகாது, ஆகவும் கூடாது. இதே லோகாயுக்தா அலுவலகம் 2015-இல் லஞ்சப் புகாரில் சிக்கியது. அப்போதைய லோகாயுக்தா பதவி விலகினார். அடுத்த ஆண்டு அரசு தன் கட்டுப்பாட்டில் ஊழல் தடுப்புப் படையை அமைத்தது. 2022-இல் உயர் நீதிமன்றம் அதைக் கலைத்தது. அப்படியானால் ஆள்தானே முக்கியம் என்பார்கள். ஆள் முக்கியம்தான். ஆனால் ஒருவருடைய உள்ளம் நாற்காலியில் அமர்ந்த பிறகுதான் தெரிகிறது. அவருடைய சொத்துக் கணக்கை அதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

கர்நாடகத்தில் லோகாயுக்தாவை நியமிக்க, முதல்வர் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியையும் அவைத் தலைவர்களையும் எதிர்க்கட்சித் தலைவர்களையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தப் பதவிக்குப் பரிசீலிக்கப்படும் ஒவ்வொருவரின் பெயரும், சொத்து விவரமும், குடும்பத் தொழில் தொடர்புகளும் ஆலோசனை தொடங்குமுன் மக்கள் பார்வைக்கு வரவேண்டும். பெங்களூரில் வாக்களிக்கிற தமிழர்கள் உட்பட எல்லாரும் அடுத்த நியமனத்துக்கு முன் தங்கள் தொகுதி உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள்.