யார் கணக்கில்

1

இராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்குச் சென்ற வருஷம் ஒருவர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வந்தார். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் வைத்திருப்பவர். அவருடைய பதினான்கு வயது மகன் ஸ்பெயினில், கட்டணம் வாங்கிக்கொண்டு கால்பந்து பழக்கும் ஒரு விடுதிப் பள்ளியில் இருக்கிறான். அந்நியச் செலாவணிப் படிவத்தில் 'நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. கல்வி, மருத்துவம், நெருங்கிய உறவினர் பராமரிப்பு, அன்பளிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு எண். எதைக் குறிக்கிறோம் என்பதைப் பொறுத்து வரிப் பிடித்தமும் மாறும். மனுஷர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'ஸார், இதுல நோக்கம்னு கேட்டிருக்கே. என்ன எழுத?'

'பையன் அங்க ஸ்கூலும் படிக்கிறான்ல அண்ணாச்சி? படிப்புன்னே போட்டிருவோம்.'

'படிக்கத்தான் செய்யிறான். ஆனா அதுக்காகவா அனுப்பிருக்கு?'

பள்ளியின் கட்டணக் கடிதத்தை அவர் கொண்டுவந்திருந்ததால் கல்வி என்றே குறித்து அனுப்பினோம். விதிப்படி அதில் தவறில்லை. ஆனால் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வீடு திரும்பும் பஸ்ஸில் அவருடைய கேள்வியும் என்னோடு வந்தது. குழந்தையின் திறமைக்குப் பின்னால் போகிற பெற்றோர் எதைத்தான் பின்தொடர்கிறார்? குழந்தையையா, திறமையையா, அல்லது தனக்கு வாய்க்காமல் போன ஒன்றையா? நோக்கம் என்ற கட்டத்தில் அவர் உண்மையாக எதை எழுதியிருக்க முடியும்?

2

நம் வாரப் பத்திரிகைகள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அவற்றிடம் பதில் தயாராக இருக்கிறது: தியாகம். அந்த ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டிய அவசியம் இல்லை.

சதுரங்க வீரர் குகேஷின் தகப்பனார் ரஜினிகாந்த், காது மூக்கு தொண்டை அறுவைச் சிகிச்சை நிபுணர். மகனுடன் போட்டிகளுக்குப் பயணம் செய்வதற்காகத் தன் தொழிலை நிறுத்திவைத்தார். குடும்பம், நுண்ணுயிரியல் துறையில் வேலை பார்த்த தாயார் பத்மகுமாரியின் சம்பளத்தில் நடந்தது. 2019 ஜனவரியில், 12 வயது 7 மாதத்தில் பையன் கிராண்ட்மாஸ்டர் ஆனான். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக சாம்பியன். பிரக்ஞானந்தாவின் தாயார் நாகலட்சுமி மகனோடு ஊர் ஊராகப் போய்ச் சமைத்துப் போட்டவர். தகப்பனார் ரமேஷ்பாபு என்னைப் போல் வங்கி ஊழியர். 2023 ஆகஸ்டில் பாக்கு நகரில் மகன் நிருபர்களிடம் பேசிக்கொண்டிருக்க, தாயார் சற்றுத் தள்ளி நின்று அவனைப் பார்த்துச் சிரித்த புகைப்படத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பார்வையில் பலகையோ காய்களோ இல்லை. பையன் மட்டும்தான் இருந்தான் என்பது அந்தப் படத்தைப் பற்றிய என் அபிப்பிராயம்.

இவர்களைக் குறைசொல்வது என் வேலையல்ல. நான் கேட்பது வேறு. குகேஷ் வென்ற அந்தப் பதினான்காவது ஆட்டம் சமனில் முடியும் என்றே எல்லோரும் இருந்தார்கள். 55ஆவது நகர்த்தலில் டிங் லிரன் தன் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். அதோடு முடிந்தது. டிங் அந்த யானையை வேறு கட்டத்தில் வைத்து, பின்னர் நடந்திருக்கக்கூடிய விரைவு ஆட்டங்களில் குகேஷ் தோற்றும் இருந்தால், தகப்பனார் மருத்துவத் தொழிலை நிறுத்தியது தவறான முடிவாகிவிடுமா? ஒருவர் ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்த தார்மீக முடிவு, முன்பின் அறியாத ஒரு சீனர் காயை எங்கே வைக்கிறார் என்பதை நம்பியா இருக்கிறது? அபத்தம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் நம் பத்திரிகைகள் எழுதுவதெல்லாம் அந்த அபத்தத்தின் மேல்தான். வென்றவனின் தகப்பன் தியாகி. தோற்றவனின் தகப்பன், பிள்ளையின் படிப்பைக் கெடுத்தவன். இருவரும் செய்தது ஒரே காரியம்.

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1976இல் 'தார்மீக அதிர்ஷ்டம்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் வரும் உதாரணம் ஓவியர் கோகான். சரித்திர விவரங்களை அவ்வளவாகப் பொருட்படுத்தாமல் வில்லியம்ஸ் தமக்கென்று வரைந்துகொண்ட ஒரு கோகான். மனைவி மக்களை விட்டுவிட்டு ஓவியத்துக்காகத் தீவுக்குப் போகிறான். போனது நியாயம் என்று ஆக வேண்டுமானால் அவன் நல்ல ஓவியனாகத் தேற வேண்டும். தேறுவானா என்பது புறப்படும்போது அவனுக்கும் தெரியாது. ஆக, நியாயம் பின்னால்தான் வந்து சேர்கிறது, வந்தால்.

நம் பெற்றோரை கோகானைத் திருப்பிப் போட்ட உருவமாக நான் பார்க்கிறேன். கோகான் தன் படைப்புக்காகப் பிறரைப் பணயம் வைத்தான். இவர்கள் பிறரின் திறமைக்காகத் தங்களைப் பணயம் வைக்கிறார்கள். கேட்க உயர்வாக இருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் கோகானின் நிலையே மேல். அவன் தோற்றால் அந்தத் தோல்வி அவனுடையது. இங்கே பெற்றோரின் பத்து வருஷ வாழ்க்கைக்கு நியாயம் தேடித்தரும் பொறுப்பு ஒரு சிறுவனின் தலையில் விழுகிறது. அவன் ஆட்டத்தைத் தோற்கும்போது ஆட்டத்தை மட்டும் தோற்பதில்லை.

வள்ளுவரும் இந்தக் கணக்கை அறியாதவர் அல்ல. மக்கட்பேறு அதிகாரத்தில் தந்தை மகனுக்குச் செய்ய வேண்டியது, சபையில் அவனை முன்னால் இருக்கும்படி செய்வது. மகன் தந்தைக்குச் செய்ய வேண்டியது, இவனைப் பெற இவன் தகப்பன் என்ன தவம் செய்தானோ என்று ஊரைச் சொல்லவைப்பது. ஒன்று பற்று, மற்றது வரவு. இரண்டு பக்கத்திலும் கூட்டுத்தொகை சரியாக இருக்கிறது. முன்னால் இருக்க முடியாமற்போன பிள்ளையின் பேரேட்டைப் பற்றி அந்த அதிகாரத்தில் பேச்சில்லை.

3

சதுரங்கத்தில் தோற்றாலும் பலகை முன்னால் உட்கார்ந்துகொண்டே இருக்கலாம். கால்பந்து அப்படியல்ல. இங்கிலாந்தின் பெரிய கழகங்கள் ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் பிரிவிலிருந்தே பையன்களைப் பதிவு செய்துகொள்கின்றன. பிறகு வருஷாவருஷம் கழித்தல். பதினெட்டு வயதுக்குள் பெரும்பாலோர் வெளியே அனுப்பப்படுகிறார்கள். வேல்ஸில் ஈழத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, லிவர்பூல் கழகத்தின் இளையோர் அணியில் பழகி, பார்ன்ஸ்லி கழகத்துக்குத் தொழில்முறையில் ஆட வந்த விமல் யோகநாதனின் பெயர் நமக்குத் தெரிகிறது. கழிக்கப்பட்டவர்களின் பெயர்கள் தெரிவதில்லை. அவர்களையும் மழையிலும் பனியிலும் மைதானத்துக்கு அழைத்துப்போன தாய் தகப்பன் இருந்திருப்பார்கள்.

சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனத்தின் வீரர் இடமாற்ற விதிகளில் 19ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட ஆட்டக்காரனை ஒரு கழகம் வேறு நாட்டிலிருந்து கொண்டுவந்து பதிவு செய்யக் கூடாது. விதிவிலக்குகள் சில. அதில் முதலாவது: பெற்றோர் அந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்திருக்க வேண்டும், ஆனால் குடிபெயர்ந்த காரணம் கால்பந்துடன் சம்பந்தப்பட்டதாக இருக்கக் கூடாது. இதை மீறியதற்காக 2014இல் பார்சிலோனா கழகத்துக்கு இரண்டு இடமாற்றக் காலங்களுக்குப் புது ஆட்டக்காரர்களைச் சேர்க்கத் தடை விதித்தார்கள்.

இந்த விதியைப் படித்தபோது எனக்குச் சத்திரப்பட்டிக்காரரின் நினைவு வந்தது. இங்கேயும் நோக்கம் என்று ஒரு கட்டம். இங்கேயும் உண்மையை எழுதினால் செல்லாது. பிள்ளையின் ஆட்டத்துக்காக ஊரைவிட்டு வந்தேன் என்று சொல்லும் தகப்பனைச் சட்டம் நம்ப மறுக்கிறது. வேலை கிடைத்து வந்தேன், பையன் தற்செயலாகப் பந்து ஆடுகிறான் என்பவனை ஏற்றுக்கொள்கிறது. சட்டம் எழுதியவர்கள் மனிதர்களை அறியாதவர்கள் என்று முதலில் நினைத்தேன். அப்படியில்லை. தகப்பனின் பிழைப்பே மகனின் கால்களைச் சார்ந்து நிற்கும் நாளில் அந்த மகனுக்கு நின்றுவிடும் சுதந்திரம் போய்விடுகிறது. தகப்பனுக்கு வேறு வேலை இருந்தால், பையன் நாளைக்கே பந்தை உதறினாலும் வீட்டில் அடுப்பு எரியும். விதி காப்பாற்ற முயல்வது அந்த அடுப்பைத்தான்.

லியோனல் மெஸ்ஸி 2000இல், இந்த விதி வருவதற்கு முன், பதின்மூன்று வயதில் அர்ஜென்டினாவின் ரொஸாரியோவிலிருந்து பார்சிலோனா போனான். வளர்ச்சி ஹார்மோன் ஊசிச் செலவைக் கழகம் ஏற்றுக்கொண்டது. முழுக் குடும்பமும் கூடப் போயிற்று. சில மாதங்களில் தாயாரும் மற்றப் பிள்ளைகளும் ஊர் திரும்பிவிட, தகப்பனும் மகனும் மட்டும் அங்கே தங்கினார்கள். பின்னால் வந்த புகழ் முழுவதையும் ஒரு நிமிஷம் அழித்துவிட்டு இதைப் பார்க்க வேண்டும். அப்போது மிஞ்சுவது, அன்னிய நகரத்தின் ஓர் அறையில் ஒரு தகப்பனும் ஒரு குட்டையான பையனும். ஊருக்குப் போய்விடலாம் என்று இருவரில் யார் முதலில் சொல்வது? சொன்னவன் மற்றவனுக்குக் கடன்பட்டவன் ஆகிவிடமாட்டானா?

4

இதுவரை எழுதியது பிறரைப் பற்றி. ஆகவே சுலபமாக இருந்தது.

எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகன். பள்ளி மைதானத்தில் சாயங்காலம் பந்து ஆடுகிறான். ஸ்பெயினுக்குப் போகிற திறமை எல்லாம் இல்லை. ஆனால் நன்றாக ஓடுகிறான், இடதுகால் சுத்தமாகப் படுகிறது என்று ஆசிரியர் சொன்ன நாளிலிருந்து நான் வங்கியிலிருந்து நேரே மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன். வாசிப்புக்கும் எழுத்துக்கும் வைத்திருந்த நேரம் அது. சென்ற டிசம்பரில் இன்னொரு பள்ளியோடு ஒரு சின்ன ஆட்டம். இவன் கோலுக்கு எதிரே தனியாக நிற்கிறான். பந்து காலுக்கு வருகிறது. அந்த நேரத்தில் அவன் பந்தைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். பந்து போய்விட்டது.

அன்று இரவு என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். குமாஸ்தா புத்தி; செலவையெல்லாம் எழுதிவைப்பது வழக்கம். பூட்ஸ், பயிற்சிக் கட்டணம், மதுரைக்குப் போய் ஒரு ஆட்டம் பார்த்துவந்த பஸ் செலவு. எல்லாவற்றையும் வீட்டுச் செலவில் எழுதாமல் தனிப் பக்கத்தில், மேலே அவன் பெயர் போட்டு எழுதியிருந்தேன். வங்கியில் ஒரு பக்கத்தின் மேல் ஒருவர் பெயர் இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தொகை அவரைச் சேர்ந்தது, அல்லது அவர் தர வேண்டியது. எந்த யோசனையும் இல்லாமல்தான் அந்தத் தலைப்பை எழுதினேன். யோசனை இல்லாமல் எழுதியது என்பதால்தான் அது என்னை உறுத்துகிறது. ஒன்பது வயதுப் பையன் அந்தப் பக்கத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டவன் போலத்தான் மைதானத்தில் திரும்பிப் பார்த்தான்.

தியாகம் தவறு என்று நான் சொல்லவில்லை. யாருடைய கணக்கில் அதை எழுதுகிறோம் என்பதுதான் பிரச்னை. என் விருப்பத்துக்கு நான் செலவு செய்தேன் என்றால் அது என் பற்று. நஷ்டமும் என்னோடு போயிற்று. உனக்காகச் செய்தேன் என்ற அந்த நாலாம் வேற்றுமையில் கடன் பத்திரம் எழுதப்பட்டுவிடுகிறது.

5

நான் குடியிருக்கும் ஊரில் பிள்ளை வளர்த்ததற்குப் பெயர்போன ஒருவர் இருந்தார். பெரியாழ்வார். கண்ணனைக் குழந்தையாக்கித் தாயாக நின்று பாடியவர். செங்கீரை ஆடு, சப்பாணி கொட்டு, தளர்நடை நட என்று அவர் கேட்டதெல்லாமும் ஒருவகையில் பிள்ளையை ஆடிக்காட்டச் சொல்வதுதான். ஆனால் தளர்நடையில் விழுந்தாலும் அந்தப் பிள்ளைக்கு மதிப்பெண் குறையாது. துளசிச் செடியின் கீழ் கண்டெடுத்து வளர்த்த பெண்ணை அரங்கனுக்குக் கொடுத்தவர் என்பது ஊர் அறிந்த கதை.

அவருடைய திருமொழியில், மகள் கண்ணனோடு போய்விட்டபின் தாய் ஒருத்தி புலம்பும் பதிகம் ஒன்று இருக்கிறது. ஆண்டாளை நினைத்து அதை வாசிப்பவர்கள் இங்கே உண்டு. பக்திக்காக அல்லாமல் என் பிரச்னைக்காக அதைத் திரும்பவும் படித்தேன். மகள் போய்ச் சேர்ந்திருப்பதோ பரம்பொருளின் வீடு. அதற்குமேல் ஓர் உயர்வு அந்தப் பிரபஞ்சத்தில் கிடையாது. அந்தத் தாயின் கவலையோ, மாமியார் வீட்டில் சடங்குகளை ஒழுங்காகச் செய்வார்களா, யசோதை பிரியமாக ஏற்பாளா, விடியுமுன் எழுந்து தூங்காமல் உட்கார்ந்து தயிர் கடைய இவளால் முடியுமா என்பது. வளர்த்ததைச் சொல்கிறாள், ஊர் புகழ வளர்த்ததையும் சொல்கிறாள். பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் அதை மகளின் பெயரில் எழுதுவதில்லை. பெண் எவ்வளவு உயரத்துக்குப் போனாலும் கை வலிக்குமே என்றுதான் மனசு போகிறது. பின்தொடர்தல் என்றால் இதுதான் என்று எனக்குப் படுகிறது. சாதனையைத் தொடராமல், சாதிக்கிற உடம்பைத் தொடர்வது.

சத்திரப்பட்டிக்காரர் இந்த வருஷமும் பணம் அனுப்ப வந்தார். சனிக்கிழமை அங்கே காலை 11 மணிக்கு ஆட்டமென்றால் குளிர்காலத்தில் இங்கே 3.30, தறியை நிறுத்திவிட்டுக் கைப்பேசியில் பார்க்கிறாராம். பந்து பாதி நேரம் படத்திலேயே வருவதில்லை. பையன் ஓடுவது தெரிந்தால் போதும் என்றார். நான் துணிந்து கேட்டேன்.

'போதும்ப்பா, வந்திருதேன்னு சொன்னா என்ன செய்வீங்க அண்ணாச்சி?'

'வரட்டும் ஸார். நம்ம வீடு, நம்ம தறி. வந்தா என்ன?'

'அதை அவன்ட்ட சொல்லிருக்கீங்களா?'

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 'அதெப்படி ஸார் சொல்ல? சொன்னா அவனுக்கு மனசு விட்டுப்போகாதா?'

சொல்லாத அனுமதி அனுமதியே அல்ல என்று அவரிடம் வாதாட நினைத்தேன். பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அன்று இரவு என் மகனிடம் நானே சொல்லிப் பார்த்தேன். ஆடப் பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடலாம், அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்றேன். அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

'அப்ப நாளையிலருந்து நீ கிரவுண்டுக்கு வர மாட்டியாப்பா?' என்று கேட்டான்.

நோட்டில் அந்தப் பக்கத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். மைதானத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. அவன் கேட்டதற்குச் சரியான பதில் என்ன என்று இன்னும் பிடிபடவில்லை.