நோவும் பொறுமையும்

பொறுமை அறமே, எனினும், தணிக்கக்கூடிய நோவைப் பொறுத்தலும் அறமாகுமா என்பது சிந்தித்தற்குரியது. மாதவிடாய்க் காலத்திலே கருப்பையின் உட்படையில் உருவாகும் புரொஸ்டாகிளாண்டின், கருப்பைத் தசையைச் சுருங்கச் செய்வதால் நோவு தோன்றுகின்றது. ஐபுபுரோபன் போன்ற மருந்துகள் அப்பொருள் உருவாவதைக் குறைப்பன. மருந்துக்கும் அடங்காது, விரிவுரைக்குச் செல்லவும் இயலாதவாறு ஒருத்தியை முடக்கும் நோவு, எண்டோமெற்றியோசிஸ் எனும் நோயின் அறிகுறியாகலாம். இனப்பெருக்க வயதுப் பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேரை அந்நோய் பீடிக்கின்றதென உலக சுகாதார நிறுவனம் கணிக்கின்றது.

மாற்றவியலாததைத் தாங்குவது பொறுமை. மாற்றக்கூடியதையும் தாங்குமாறு பிறரைப் பணிப்பது கொடுமை. “பெண்ணாய்ப் பிறந்தால் பொறுக்கத்தான் வேண்டும்” என்போர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். நோவுரைப்பவளை நம்புதலும், அவள் வைத்தியரை நாடத் துணைநிற்றலும் சுற்றத்தார் கடன். அவளது நாணத்தைக் காரணங்காட்டி அக்கடனைத் தவிர்த்தல் ஆகாது.