தாமிரபரணி தீர்த்த மஹிமை



நிமிச் சக்கரவர்த்திக்கு உபதேசம் செய்ய எழுந்தருளிய நவயோகிகளுள் ஒருவரான கரபாஜனர், கலியுகத்தில் நாராயண பக்தர்கள் திராவிட தேசத்தில் மிகுதியாகத் தோன்றுவார்கள் என்று கூறி, அத்தேசத்து நதிகளை எண்ணிக் காட்டுகிறார். ஸ்ரீமத் பாகவதம் பதினோராம் ஸ்கந்தத்தில் வரும் அவ்வரிசையில் முதலில் நிற்பது தாமிரபரணி. வைகையாகிய க்ருதமாலையும், பாலாறும், காவிரியும் அதன் பின்னரே வருகின்றன. நம்மாழ்வார் திருவவதாரத்தைத் திருவுள்ளத்தில் கொண்டே பொருநை முன்வைக்கப்பட்டது என்பது பெரியோர் நிர்வாஹம்.

அவ்விடத்தில் ஒரு சொல் ஊன்றி நோக்கத்தக்கது. இந்நதிகளில் நீராடுபவர் என்றோ, இவற்றைத் தரிசிப்பவர் என்றோ முனிவர் கூறவில்லை. இவற்றின் ஜலத்தைப் பருகுபவர் வாஸுதேவனிடத்தில் பக்தியும் நிர்மலமான உள்ளமும் உடையவராவர் என்றே அருளிச்செய்தார். முழுகுவதற்குச் சற்றுக் கலங்கிய நீரும் போதும். பருகுவதற்குத் தெளிந்த நீரன்றோ வேண்டும்!

பொதிகையில் தோன்றி, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் இந்நதி எட்டு அணைக்கட்டுகளைக் கடந்து வருகிறது. அவற்றுள் கடைசியானது ஸ்ரீவைகுண்டம் அணை. ஆழ்வார் மங்களாசாஸனம் செய்த நவதிருப்பதி எம்பெருமான்கள் ஆற்றின் இக்கீழ்ப்பகுதியிலேயே எழுந்தருளியிருக்கிறார்கள். ஆகையால் மேலே பாபநாசத்தில் ஒருவர் ஆற்றில் எதை விட்டாலும், அது தீர்த்தவாரித் துறையை நோக்கியே வருகிறது.

அங்கு விடப்படுவது என்ன? பரிஹாரம் என்ற பெயரில் உடுத்த வஸ்திரத்தை நீரிலேயே களைந்து விட்டுச் செல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. தொண்டு செய்வோர் ஆற்றில் இறங்கி மூட்டை மூட்டையாகத் துணிகளை வெளியே எடுக்கிறார்கள். எடுக்க எடுக்க மேலும் சேர்கிறது. பருத்தியாயின் நாளடைவில் மக்கும். இக்காலத்துச் செயற்கை நூல் மக்குவதில்லை. பாறையிடுக்கிலும் மரவேரிலும் சுற்றிக்கொண்டு, மீன்குஞ்சுகள் ஒதுங்கும் இடத்தை மூடிவிடுகிறது.

சாஸ்திரம் சொல்வது இதற்கு நேர்மாறானது. மலமூத்திரத்தையும், எச்சிலையும், அசுத்தம் தோய்ந்த எப்பொருளையும், விஷத்தையும் ஜலத்தில் இடலாகாது என்று மனுஸ்ம்ருதி நான்காம் அத்தியாயம் விலக்குகிறது. ஸ்நாந விதியில் வஸ்திரத்துக்கு ஓர் இடம் உண்டுதான். நீராடிக் கரையேறியபின் நனைந்த வஸ்திரத்தைத் தரையில் பிழிய, அந்நீர் குலத்தில் சந்ததியின்றி மறைந்தவர்களுக்குத் திருப்தியாகிறது. அர்ப்பணமாவது பிழிந்த நீர், வஸ்திரமன்று. பிழிவது கரையில், ஆற்றிலன்று. துணியை விட்டால் பாபமும் விடும் என்றால், பாபம் செய்தவன் ஜவுளிக்கடைக்குப் போய்வருவதே போதுமான பிராயச்சித்தமாகிவிடும்!

மனிதர் பருகும் ஆற்றில் பிராணிகளும் வாழ்கின்றன. அவற்றின் ஸம்பந்தம் எம்பெருமானுக்குப் புதிதன்று. கஜேந்திரன் முற்பிறவியில் இந்திரத்யும்னன் என்ற பாண்டிய மன்னன். பொதிகை முனிவராகிய அகஸ்தியரின் சாபத்தால் யானையானவன். மோக்ஷம் நடந்த தடாகம் திரிகூட மலையில் உள்ளது என்று பாகவதம் கூறும். பொருநைக் கரையிலுள்ள அத்தாளநல்லூரோ அதைத் தன் ஸ்தலபுராணமாகவே கொண்டாடி, கஜேந்திர வரதனை ஸேவிக்கிறது. இரண்டையும் கொள்வதில் குறையொன்றுமில்லை. ரஸமான இடம் வேறு. கருடன் மேலிருந்து இறங்கிவந்த பகவான் யானையை மட்டும் தூக்கவில்லை. காலைப் பற்றியிருந்த முதலையோடு சேர்த்தே க்ருபையினால் கரையேற்றினான் என்கிறது பாகவதம். அம்முதலையும் சக்கரத்தால் சாபம் தீர்ந்து, ஹூஹூ என்னும் கந்தர்வனாக எழுந்தது. கூப்பிட்ட பிராணிக்கும் கூப்பிடாத பிராணிக்கும் ஒரே கரை.

தென்திருப்பேரையில் எம்பெருமான் திருநாமமே மகரநெடுங்குழைக்காதன். தாயார் இவ்வாற்றில் நீராடியபோது கைக்குக் கிட்டிய மீன் வடிவக் குண்டலங்களை அவன் திருச்செவியில் சாற்றிக்கொண்டான் என்பது ஸ்தலபுராணம். நதி தந்த மீனை அவன் ஆபரணமாக உகந்தான்.

மீனைச் சார்ந்தவை நீர்க்காகமும், கொக்கும், மீன்கொத்தியும், நீர்நாயும். நீர்நாயைப் பலர் கண்டிருக்க மாட்டார்கள். குடும்பமாகக் கூடி நீந்தி மீன் பிடிக்கும் பிராணி அது. கரையோரப் பொந்துகளிலும், வேர்களுக்கிடையிலும், நாணற் புதர்களிலும் குட்டிகளை வளர்க்கும். மீனைத் திருடுகிறது என்று அதை விரட்டுவோர் உண்டு. ஆனால் மீன் குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது அதுவே. கரையை வெட்டி நாணலை எரித்தால் அதற்கு வீடில்லை. ஊர்ச் சாக்கடை கலந்து மீன் மடியும் இடத்தில் அது தங்காது. கரபாஜனர் சொன்னபடி நீர் பருகத்தக்கதாயிருக்கிறதா என்று அறிய விரும்புவோர் இப்பிராணியைத் தேடிப் பார்க்கலாம்.

2018 அக்டோபரில் நடந்த மஹாபுஷ்கரத்தில் லக்ஷக்கணக்கானோர் இவ்வாற்றில் நீராடினர். உத்ஸவக் காலங்களில் இன்றும் கூட்டத்துக்குக் குறைவில்லை. நீராட வரும் பக்தர்கள் சோப்பையும், ஷாம்பு உறையையும், எண்ணெய்ப் புட்டியையும் துறைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. தீர்த்த ஸ்நாநம் அழுக்குத் தேய்க்கும் ஸ்நாநமன்று. நனைந்த வஸ்திரத்தைக் கரையில் பிழிந்து இல்லத்துக்கு எடுத்துச் செல்லலாம். வஸ்திர தானத்தில் விருப்பமுள்ளோர் புதிய வஸ்திரத்தை நனையாமல் எளியவர் கையில் கொடுக்கலாம்.

தீர்த்தவாரியன்று ஆற்றில் முதலில் இறங்குபவர் சக்கரத்தாழ்வார், அன்று முதலையின் வாயைப் பிளந்து அதற்கும் நற்கதி தந்தவர். அவர் திருமேனி முழுகும் துறையில் சென்ற வருஷத்துத் துணி கிடக்கலாகாது.