நிறத்துக்காக உயிரைப் பெருக்கலாமா?

பாம்பைக் கண்டால் கம்பைத் தேடுவது நம் தோட்டப்புறங்களில் வழிவழியாக வந்த வழக்கம். விஷமில்லாத சாரைக்கும் அதே கதிதான். செம்பனைக் குலையைக் கடித்துப் பாழாக்கும் எலியைத் தின்பது அதுவே என்று அறிந்தவர்கள்கூட, அடித்துப் போட்ட பிறகுதான் அதை நினைத்துக்கொள்கிறார்கள். இப்போது காற்று வேறு பக்கம் வீசுகிறது. அப்படி அடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் சாரை இனத்துப் பாம்புகளைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கவும், ஜோடி சேர்த்து வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று குஞ்சு பொரிக்க வைத்து விற்கவும் ஆசைப்படுகிறார்கள். இந்த வருமானம் சுத்தமானதுதானா என்று புக்கிட் ரோத்தான் பக்கத்து அன்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். மார்க்கத் தீர்ப்பு சொல்ல ஆலிம்கள் இருக்கிறார்கள். நாம் தராசு பிடித்தவர்கள், எடை போட்டுப் பார்க்க மட்டுமே அறிவோம்.

முதலில் விஷயம் இன்னதென்று விளங்கவேண்டும். அதற்கு நம் செம்பனையே போதும். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பெயரில் தென்னையும் நிலத்தில் செம்பனையுமாக இருக்கிற தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல், ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வியாபாரச் செம்பனையை நட்டார். அந்தக் காலத்து மரம் டூரா. கொட்டையின் ஓடு தடிப்பு. ஓடே இல்லாத பிசிஃபெரா என்று இன்னொரு வகை உண்டு. அதன் குலை பெரும்பாலும் முற்றாமலே அழுகிவிடும். இரண்டையும் கலந்தால் மெல்லிய ஓடும் நிறைந்த சதையும் கொண்ட டெனேரா. எண்ணெய் சுமார் 30 சதவீதம் கூடுகிறது. இதன் ரகசியம் ஒரே ஒரு மரபணுவில் இருப்பதை 1941இல் காங்கோவில் ஆராய்ந்தவர்கள் வெளியிட்டார்கள். டெனேராவையும் டெனேராவையும் கலந்தால் கால் பங்கு டூரா, அரைப் பங்கு டெனேரா, கால் பங்கு பிசிஃபெரா. மரத்தடியில் விழுந்த கொட்டையை நட்டு ஏமாந்தவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

பாம்பின் நிறமும் ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் செம்பனையில் கலப்பு கண்ணுக்குத் தெரியும், பாம்பில் ஒளிந்திருக்கும். அமெரிக்காவில் சாரைக்கு உறவான சோளப்பாம்பு ஒன்று உண்டு. கறுப்பு நிறமே இல்லாத ஒரு சோளப்பாம்பு 1953இல் வட கரோலினாவில் பிடிபட்டது. அத்தகைய ஒன்றைச் சாதாரணப் பாம்புடன் இணைத்தால் குஞ்சுகள் அத்தனையும் சாதாரண நிறமே. அக்குஞ்சுகளைத் தமக்குள்ளேயே இணைத்தால்தான் நாலில் ஒன்று கறுப்பின்றிப் பிறக்கும். சிவப்பும் கறுப்பும் இரண்டும் அற்ற பனிவெள்ளை வேண்டுமானால், இரு குறையையும் சுமக்கிற ஜோடியிலிருந்து பதினாறில் ஒன்றுதான் கிடைக்கும். நம் முன்னோர் கணக்கில் இது ஒரு வீசம்.

இந்த வீசத்தில்தான் நம் கேள்வி இருக்கிறது. ஒளிந்த நிறத்தை வெளியே கொண்டுவர அண்ணனையும் தங்கையையும், தகப்பனையும் மகளையும் இணைக்கிறார்கள். நிறம் ஒளிந்திருக்கிற இடத்தில் நோயும் ஒளிந்திருக்கும். இரண்டும் சேர்ந்தே வெளிவரும். டெக்சாஸ் சாரையில் தூய வெள்ளையாய்ப் பிறப்பவற்றுள் பலவற்றுக்குக் கண் பிதுங்கி நிற்கிறது. ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்றில் ‘ஸ்பைடர்’ என்னும் கோல அழகுக்கு நல்ல விலை; ஆனால் அந்தக் கோலத்தைத் தரும் மரபணுவே உட்காதையும் கெடுத்துத் தலையை ஆடவைக்கிறது. ஒன்றை நீக்கி மற்றொன்றை வாங்க முடியாது.

கலப்பு எல்லாமே பாவம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் சோறும் இல்லை, ஆட்டுக்கறியும் இல்லை. தென்கிழக்காசிய டூரா மரங்கள் பெரும்பாலும் 1848இல் போகோரில் நட்ட நாலே மரங்களின் வம்சம்; அவற்றுக்காக யாரும் கண்ணீர் விடவில்லை. ஆனால் மரத்துக்கு வலி இல்லை, பாம்புக்கு உண்டு. டெனேராவால் ஊருக்கு எண்ணெய் கிடைக்கிறது. வெள்ளைப் பாம்பால் வாங்கியவனின் கண்ணுக்கு மட்டுமே விருந்து. ஆசைக்காக வளர்ப்பது குற்றமன்று. கிளியும் மீனும் வளர்க்காத வீடு எது? வளர்க்கும் ஆசைக்கு விலையாக இன்னொரு உயிரின் கண்ணையோ காதையோ கேட்பதுதான் நமக்கு ஒப்பவில்லை.

இயற்கையில் நிறம் சும்மா அமைந்ததன்று. பத்துமலைக் குகையில் வௌவாலைத் தின்று வாழும் ஒரு பாம்பு உண்டு. சாரைக்கு உறவு, ரப்பரை இந்நாட்டில் பரப்பிய ரிட்லியின் பெயரைத் தாங்கியது. அதன் வெளிறிய உடல் அந்தச் சுண்ணாம்புப் பாறைக்குப் பொருத்தம். பனிவெள்ளைச் சாரையைச் செம்பனைத் தோப்பில் விட்டால் முதல் பருந்துக்கே இரை. ஆகவே அதைப் பொரிக்க வைத்தவன் அதன் ஆயுள் முழுதும் தீனிக்குப் பொறுப்பாகிறான். பெட்டியில் வளரும் சோளப்பாம்பு பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழும். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் செய்தியை நம் பிள்ளைகள் மத்ரஸாவிலேயே கேட்டவர்கள்.

மிச்சம் பதினைந்து பங்கை யாரும் பேசுவதில்லை. வீசத்துக்கு வாடிக்கையாளர் வரிசையில் நிற்பார். சாதாரண நிறக் குஞ்சு கடையில் விலைபோகாத சரக்காகத் தங்கிவிடும். அரிசி தங்கினால் கோழிக்குப் போடலாம். உயிர் தங்கினால் என்ன செய்வது? அந்த அன்பரின் மகன் முட்டைக்கு முன்பே இதற்கு ஒரு வழி வைத்திருந்தால், கண்ணும் காதும் நன்றாயிருக்கிற வம்சத்தையே இணைத்தால், நமக்கு மறுப்பில்லை.

தோட்டத்துச் சாரையைப் பிடித்துத்தான் தொழிலைத் தொடங்குவான் என்றால் அந்தப் பேச்சே வேண்டாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி சாரையை வீட்டில் அடைப்பது குற்றம். இங்கே 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, பெர்ஹிலித்தானைக் கேளாமல் எதிலும் கைவைக்கலாகாது. எலி பிடிக்கக் கூகைக்குப் பெட்டி கட்டிக் கொடுக்கிற தோட்டங்களில், கூலியில்லாமல் அதே வேலையைச் செய்கிற சாரை அதன் வழியில் போகட்டும்.