குற்றத்தின் விலையைக் கொடுப்பவர் யார்?

குற்றம் புரிந்தவன் தண்டனை பெறுகிறான். அத்துடன் கணக்குத் தீர்ந்தது என்று உலகோர் எண்ணுகின்றனர். திருடியவன் சிறை புகுந்தால் திருட்டின் விலையும், கொன்றவன் தூக்குமேடை ஏறினால் கொலையின் விலையும் கொடுக்கப்பட்டுவிட்டன என்பதே பொதுக் கருத்து. இக்கருத்து எவ்வளவு குறையுடையது என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். குற்றத்துக்கு உண்மையில் விலை கொடுப்பவர் யார்? எவ்வளவு கொடுக்கின்றனர்? எதனால் கொடுக்க நேருகின்றது? இம்மூன்று வினாக்களையும் எழுப்பி விடை காணுதல், அறத்தைப் பற்றிச் சிந்திப்போர் அனைவருக்கும் கடமையாகும்.

பெரிய தேசங்களில் இவ்வாராய்ச்சி எளிதன்று. ஒரு மாகாணத்தில் கலகம் நேர்ந்தாலும் மற்றொரு மாகாணத்தில் வாணிபம் நடந்துகொண்டே இருக்கும். ஒரு நகரம் அஞ்சத்தக்கதானால் ஜனங்கள் வேறு நகருக்குக் குடிபெயர்வர். ஆதலின் நட்டம் சிதறுண்டு, கண்ணுக்குப் புலப்படாது மறைந்துபோகின்றது. தீவு நாட்டிலோ அவ்வாறு மறைவதற்கு இடமில்லை. நாற்புறமும் கடல், துறைமுகமும் விமான நிலையமும் ஒன்றிரண்டு, குற்றவாளியும், அவனால் துன்புற்றவனும், சாட்சியும், காவலனும் ஒருவரையொருவர் அறிந்திருக்கக் கூடிய சிறிய சமூகம். ஓர் உப்புக்கட்டியைக் கங்கையில் இட்டாலும் குவளை நீரில் இட்டாலும் உப்பு ஒன்றே, சுவை மட்டும் வேறு என்னும் பழைய உவமை நம் வாசகர் அறிந்ததே. குற்றத்தின் சுவையை அறிய விரும்புவோர் குவளையிலேயே அதனைக் காண வேண்டும்.

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான ஜமைக்காவை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறக்குறைய 11,000 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை சுமார் 28 இலட்சம். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைக்கும்பொருட்டு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களே அங்கு மிகப் பெரும்பான்மையோர். 1962 ஆகஸ்டு 6-ஆம் நாள் அது விடுதலை பெற்றது. இசையாலும் ஓட்டப் பந்தயத்தாலும் கிரிக்கெட்டாலும் உலகப் புகழ் எய்திய அந்நாடு, துரதிர்ஷ்டவசமாகக் கொலைகளாலும் பெயர் பெற்றது. 2005-ஆம் ஆண்டில் மட்டும் அங்கு 1,674 பேர் கொலையுண்டனர். அஃதாவது, இலட்சம் பேருக்கு அறுபதுக்கு மேல். இந்தியாவில் 2022-இல் பதிவான கொலைகள் 28,522. இலட்சம் பேருக்கு இரண்டை ஒட்டிய அளவு. ஜமைக்காவின் அந்த விகிதம் இந்தியாவில் நிகழுமாயின், ஆண்டுதோறும் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிணங்களை நாம் எடுக்க நேரும்.

முதலில் பொருள் நட்டத்தைக் காண்போம். கடைக்காரர் ஜன்னலுக்கு இரும்புக் கம்பி இடுகிறார்; வாயிலுக்குக் காவலாள் வைக்கிறார். கிங்ஸ்டன் நகரின் கடைவீதிகளிலும், பேருந்து நிற்குமிடங்களிலும், கட்டட வேலை நடைபெறும் இடங்களிலும் கும்பலுக்கு மாமூல் கட்டுவோர் பலர். இம்மாமூலைக் கொடுப்பவர் வியாபாரி என்று தோன்றும்; ஆனால் அவர் அதனை அரிசியின் விலையிலும் மாவின் விலையிலும் ஏற்றிவிடுகிறார். முடிவில் அதனைச் செலுத்துபவள் கூடையுடன் கடைக்கு வரும் ஏழைத் தாயே. பூட்டும் கம்பியும் காவலும் ஒரு மணி நெல்லையும் விளைவிப்பதில்லை. இருப்பது போகாமலிருக்கச் செய்யும் செலவு அது. குண்டடிபட்டவன் ஒருவன் பொது மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டால், அறுவை சிகிச்சைக்கு நெடுநாள் காத்திருந்த வேறு நோயாளியின் முறை தள்ளிப்போகின்றது. அந்நோயாளியின் பெயர் எந்தக் குற்றப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. எனினும் அவரும் அக்குற்றத்துக்கு இரையானவரே அன்றோ?

2007-இல் உலக வங்கியும் ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகமும் இணைந்து வெளியிட்ட அறிக்கை ஒன்று, ஜமைக்கா தன் கொலை விகிதத்தைக் கோஸ்டாரிகாவின் அளவுக்குக் குறைக்குமாயின் அதன் பொருளாதார வளர்ச்சி ஆண்டுக்கு 5.4 சதவீதம் கூடும் என்று மதிப்பிட்டது. ஒவ்வோர் ஆண்டும் கட்டப்படாத பள்ளிக்கூடங்களும், அமைக்கப்படாத தொழிற்சாலைகளும், அளிக்கப்படாத கூலியும் அவ்வொரு எண்ணினுள் அடங்கிக் கிடக்கின்றன.

அந்நாட்டுக்கு உல்லாசப் பிரயாணிகளின் வருகை ஒரு பெரிய வருவாய். 2018 ஜனவரியில், மான்டிகோ பே நகரம் அடங்கிய செயின்ட் ஜேம்ஸ் மாவட்டத்தில் வன்செயல் மிகுந்தமையால் அவசரநிலை பிரகடனம் செய்யப்பட்டது. உடனே வெளிநாட்டு அரசாங்கங்கள் சில தம் பிரஜைகளை விடுதிகளின் எல்லைக்குள்ளேயே தங்குமாறு எச்சரித்தன. விருந்தினர் மதிலுக்குள் அடைபட்டால், மதிலுக்கு வெளியே பழம் விற்பவளுக்கும் வண்டி ஓட்டுபவனுக்கும் என்ன கிடைக்கும்? கற்றோரும் நாட்டைவிட்டு நீங்குகின்றனர். உயர்கல்வி பெற்ற ஜமைக்கர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அயல்நாடுகளுக்குச் சென்றுவிட்டனர் என்று சர்வதேச நிதி நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு ஆய்வொன்று கணக்கிட்டது. கூலி குறைவும் அதற்குக் காரணமே; அச்சமும் காரணமே. அவர்கள் அனுப்பும் பணம் வீடு வந்து சேர்கின்றது. ஆசிரியராகவும் தாதியாகவும் அவர்கள் ஆற்றியிருக்கக் கூடிய தொண்டு வந்து சேர்வதில்லை.

இவையனைத்தும் எண்ணிக்கைக்கு உட்பட்ட நட்டங்கள். இவற்றினும் கொடியது எண்ணிக்கைக்கு உட்படாத நட்டம் ஒன்றுண்டு. அதுவே ஓர் ஊரார் முழுவதன்மீதும் வந்து படியும் சந்தேகம்.

1990-களில் கிங்ஸ்டனின் ஏழை மக்களிடையே ஆய்வு நடத்திய மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தாரிடம், அம்மக்கள் மீண்டும் மீண்டும் முறையிட்டது ஒன்று: வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தம் குடியிருப்பின் பெயரை எழுதினால் வேலை கிடைப்பதில்லை. கொலைகாரர் சிலர் வாழும் தெருவில் பிறந்த காரணத்தால், எறும்புக்கும் தீங்கு நினையாத இளைஞனும் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறான். ஆதலின் அவன் முகவரியை மறைக்கிறான். உறவினர் வீட்டு விலாசத்தைக் கொடுக்கிறான். தான் பிறந்த இடத்தைச் சொல்ல நாணுகின்ற மனிதன் கொடுக்கும் விலையை எந்தப் பொருளாதார நூல் கணக்கிடும்?

இதன் கடுமையை நம் வாசகருக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. சேரியின் பெயரைச் சொன்னவுடன் எதிரில் நிற்பவரின் முகம் மாறுவதைக் கண்டவர் நாம். 1871-இல் பிரிட்டிஷார் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், பின்னர் சென்னை மாகாணத்துக்கும் விரிக்கப்பட்டு, தொட்டிற்குழந்தையையும் குற்றவாளியாகக் கருதிற்று. 1952-இல்தான் அது நாடு முழுவதிலும் நீக்கப்பட்டது. கோலார் தங்கவயலில் 1930-ஆம் ஆண்டு சுரங்கத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்ததும், தொழிலாளர் அனைவரையும் கைரேகை பதியச் செய்யும் முறையை எதிர்த்தே. பொன் திருடுவோர் சிலர் இருந்திருக்கலாம். அதன்பொருட்டு உழைப்பாளர் அனைவரும் திருடராக எண்ணப்படுதல் அறமாகுமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. கடல் கடந்த தீவொன்றில் இன்றும் அதே கேள்வியை வேறு மக்கள் எழுப்புகின்றனர்.

இனி, இந்நிலை எதனால் விளைந்தது? தீவு என்பதே காரணமாகாது. மொரீஷியஸும் தீவுதான், அங்கும் கரும்பும் அடிமைமுறையும் ஒப்பந்தக் கூலியும் இருந்தன, எனினும் அங்குக் கொலை விகிதம் ஜமைக்காவிலும் பன்மடங்கு குறைவு. வறுமையே குற்றத்தின் தாய் என்று கூறுவோரும் உளர். இக்கூற்று இரக்கத்தால் எழுவது. ஆயினும் ஏழைக்கு இழுக்கு விளைவிப்பது. ஜமைக்காவின் ஏழைகளில் மிகப் பலர் வாழ்நாளில் ஒருமுறையேனும் ஆயுதம் தொட்டவரல்லர். வறுமை தானே குற்றத்தை ஈனுமாயின் உலகின் பாதி சிறையில் இருக்க வேண்டும். ஆகவே வறுமையோடு வேறொன்று சேர வேண்டும். அது யாது?

1960-களின் நடுவில் கிங்ஸ்டனில் பேக்-ஓ-வால் என்னும் குடிசைப் பகுதி இடிக்கப்பட்டு, டிவோலி கார்டன்ஸ் என்னும் புதிய குடியிருப்பு எழுந்தது. அதன் வீடுகள் ஆளுங்கட்சியின் ஆதரவாளருக்கே சென்றன. பின்னர் எதிர்க்கட்சியும் ஆட்சிக்கு வந்து அதுவே செய்தது. வீடும் வேலையும் பிரஜையின் உரிமையாக அன்றி வாக்குக்குக் கூலியாக வழங்கப்பட்டன. வாக்குகளைக் காவல் காக்கத் துப்பாக்கி ஏந்திய தலைவர்கள் தோன்றினர். அக்குடியிருப்புகளைப் பாளையங்கள் என்றே அந்நாட்டு அறிஞர் அழைத்தனர். 1978 ஏப்ரல் 22-இல் பாடகர் பாப் மார்லி இரு கட்சித் தலைவர்களின் கரங்களையும் மேடையில் இணைத்து உயர்த்தினார். ஆயினும் 1980-ஆம் ஆண்டுத் தேர்தலையொட்டி எண்ணூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். துப்பாக்கிகளோ அத்தீவில் செய்யப்படுவனவல்ல. பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து கள்ளத்தனமாக வருவன. எனவே கொலைக்கருவியால் வரும் இலாபம் ஓரிடத்திலும், அதன் விலை வேறோரிடத்திலும் சேர்கின்றன.

தீக நிகாயத்தில் அமைந்த சக்கவத்தி சீகநாத சுத்தம் இதனையே வேறு வகையில் காட்டுகின்றது. பொருளற்றோர்க்குப் பொருள் வழங்கத் தவறிய மன்னன், திருடிப் பிடிபட்டவனுக்குப் பொருள் வழங்கினான். திருடினால் பெறலாம் என்று கண்ட பிறரும் திருடலாயினர். அஞ்சிய மன்னன் சிரச்சேதம் செய்யத் தொடங்கினான். கண்டவர்கள் தாமும் வாள் செய்து கொலைத் தொழில் மேற்கொண்டனர். முதலில் நீதி மறுக்கப்பட்டது. பின்னர் அடாவடிக்குப் பரிசு அளிக்கப்பட்டது. இறுதியில் வாள் வந்தது. ஜமைக்காவில் நிகழ்ந்ததும் இம்மூன்று படிகளே. ஆகவே குற்றத்தின் தாய் வறுமையன்று. உரியது மறுக்கப்படுதலும் அடாதது பரிசு பெறுதலுமே ஆகும்.

மூன்றாம் படியையும் உலகம் கண்டது. கும்பல் தலைவன் ஒருவனைப் பிடிக்க 2010 மே மாதத்தில் படையினரும் காவலரும் டிவோலி கார்டன்சுக்குள் புகுந்தனர். குறைந்தது 69 பொதுமக்கள் இறந்தனர் என்று, பின்னர் அமைந்த விசாரணைக் குழு 2016-இல் அறிக்கை தந்தது. அவனோ உள்ளே அகப்படவில்லை. ஏறக்குறைய ஒரு மாதத்துக்குப்பின் வேறோர் இடத்தில் பிடிபட்டான். விலை கொடுத்தவர் யார் என்று இனியும் வினவ வேண்டுமோ?

இங்ஙனம் கூறுவதால் கொலைகாரனை நாம் விடுவித்துவிட்டதாக எவரும் கருத வேண்டா. எண்ணமே வினை என்பது நம் கொள்கை. அதே தெருவில், அதே பசியில், துப்பாக்கியை மறுத்தவன் ஒருவன் இருக்கும் வரையில், ஏந்தியவன் தன் செயலுக்குத் தானே பொறுப்பாளி. ஆனால் அவன் பொறுப்பு மற்றவரின் பொறுப்பை அழிப்பதில்லை. ஆயுதம் விற்றவன், வாக்குக்காக அதனைக் கொடுத்தவன், முகவரி கேட்டு வேலை மறுத்தவன் ஆகிய அனைவரும் தத்தம் பங்குக்கு உரியவரே. பொறுப்பு என்பது ரொட்டித் துண்டன்று, ஒருவர் எடுத்தால் மற்றவர்க்குக் குறைவதற்கு.

பரிகாரம் இல்லையா? உண்டு. கிங்ஸ்டனைச் சார்ந்த ஆகஸ்ட் டவுன் என்னும் பகுதியில் பகைமை பூண்ட கூட்டத்தார் 2008-இல் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டனர். ஊர்ப் பெரியோரும், திருச்சபையினரும், அருகிலிருந்த பல்கலைக்கழகத்தாரும், காவலரும் அதனைப் பேணினர். 2016-ஆம் ஆண்டு முழுவதிலும் அங்கு ஒரு கொலையும் நிகழவில்லை. அடுத்த ஆண்டே இரத்தம் மீண்டும் சிந்தியது. சிலர் இதனைத் தோல்வி என்பர். நாம் அவ்வாறு கொள்ளோம். அமைதி, கட்டி முடித்துப் பூட்டிவிடும் மண்டபமன்று. நாள்தோறும் நீர் வார்க்க வேண்டிய பயிர். நீர் நின்றால் வாடும் என்பதால் பயிரிடுதலே வீண் என்று எந்த உழவன் கூறுவான்?

நாடு முழுவதிலும் 2024-இல் கொலைகள் சுமார் 1,140 ஆகக் குறைந்தன. 2025-இல் மேலும் வேகமாகக் குறைந்தன. மகிழத்தக்க செய்தியே. ஆனால் அதே காலத்தில் காவலரின் துப்பாக்கிக்கு இரையானோர் தொகை உயர்ந்தது. ஒரு கணக்கில் குறைந்ததை மற்றொரு கணக்கில் ஏற்றுவது கடன் தீர்த்தலாகாது.

அன்பர்களே! பிறர் குற்றத்தின் விலையை நெடுங்காலம் செலுத்தி வந்த மக்கள் நாம். அதனால் நமக்கு ஓர் உரிமையும் ஒரு கடமையும் உண்டு. சந்தேகத்தின் பெயரால் எவரும் நம்மை இழித்துரைக்கும்போது எதிர்த்து நிற்பது உரிமை. நம் வாயிலில் வேலை கேட்டு, வாடகைக்கு வீடு கேட்டு, பெண் கேட்டு வருவோரை, அவர் பிறந்த தெருவைக் கொண்டு அளவாமல் அவர் செய்கையைக் கொண்டே அளப்பது கடமை. பிறப்பால் எவனும் இழிந்தவனல்லன் என்று ஏற்றுக்கொண்ட நாம், இருப்பிடத்தால் ஒருவனை இழிந்தவனாக்குவோமாயின், பழைய சாதியையே புதிய பெயரில் பேணியவராவோம். குற்றவாளி தன் விலையைக் கொடுக்கட்டும்; குற்றமற்றவனிடம் அதனை வாங்குவதை நாம் நிறுத்துவோமாக.