உப்பளமும் தேசத்தின் கணக்கும்

வெயிலையும் காற்றையும் உவர்நீரையும் நம்பி நடக்கும் தொழில் உப்பு விளைவித்தல். கழிநீரைப் பாத்திகளில் பாய்ச்சி, தரையைக் காலால் மிதித்து இறுக்கி, நீர் முற்றி உப்புப் பூத்ததும் பலகையால் வாரிக் கரையேற்றும் மரக்காணத்து ஆண்களும் பெண்களும், எரிபொருளைப் பெரிதும் நாடாமலேயே, எந்த அடுக்களையும் இன்றியமையாததாகக் கருதும் ஒரு பண்டத்தைத் தந்துவருகிறார்கள். பொருள் பெருக வேண்டும், ஆயின் பூமி கெடலாகாது என்று பிரகடனம் செய்கிற ஓர் அரசு இத்தகையோருக்கு எவ்விதத்தில் கடமைப்பட்டிருக்கிறது?

2006ஆம் ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கை இவ்விஷயத்தில் உயர்ந்ததொரு தத்துவத்தை ஏற்றிருக்கிறது. இயற்கை வளத்தை அண்டி ஜீவிக்கும் மக்களுக்கு, அவ்வளத்தை அழிப்பதால் வரும் ஊதியத்தைக் காட்டிலும் காப்பதால் வரும் ஊதியம் மேலானதாய் இருக்கச் செய்வதே பாதுகாப்புக்கு உறுதியான அஸ்திவாரம் என்பது அதன் சாரம். வாசகம் நன்று. ஆனால் மரக்காணத்தை அடுத்த எடையன்திட்டுக் கழிமுகத்தையும், அங்கு வந்து முடியும் பக்கிங்காம் கால்வாயையும், கழுவெளியின் பரந்த சதுப்பையும் சுற்றி வாழ்வோரிடம் அதை உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைகிறது. கழுவெளியில் 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாயிற்று; 2024 ஆகஸ்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வலசை வரும் பறவைகளுக்கு இவ்வாறு இரண்டு சாசனங்கள் கிடைத்தது மகிழத்தக்கதே; அண்டையிலுள்ள பாத்தியில் நிற்கும் மனிதருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

இறால் பண்ணைகளின் சரித்திரம் இதைவிடத் தெளிவாகப் பேசும். சர்வோதயத் தலைவர் ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், விளைநிலங்களையும் சதுப்புகளையும் போலவே உப்பளங்களையும் இறால் குட்டைகளாக மாற்றலாகாது என்று கட்டளையிட்டது. அதே ஆண்டு, பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் வழக்கில், மாசு செய்தவனே அதற்கு ஈடு செய்யக் கடவன் என்ற நெறியும் நிலைநாட்டப்பட்டது. பின்னர் 2005இல் பாராளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டத்தை இயற்றி, 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளினின்று அத்தொழிலுக்கு, அந்த 1991 முதலே செல்லுபடியாகும்படி விலக்களித்தது. கடந்துபோன காலத்தையே திருத்தி எழுதும் இத்தகைய தாராளம் ஏழைத் தொழில் எதற்கேனும் வாய்த்ததுண்டோ என்று கேட்கத் தோன்றுகிறது.

இறால் வளர்ப்போர் யாவரும் பேராசைக்காரர் என்பது நியாயமன்று. உவரேறிய வயலில் நெல் பொய்த்தவன் குட்டை வெட்டியதும் உண்டு. அந்நியச் செலாவணியும் அற்பமான பொருளன்று. எனினும் குட்டையின் உவர் அயலான் கிணற்றில் இறங்கும்போது, அந்த நஷ்டம் ஏற்றுமதிக் கணக்கின் எப்பக்கத்திலும் ஏறுவதில்லை.

அப்படியானால் உப்புத் தொழிலை என்றென்றும் அப்படியே வைத்திருக்க வேண்டுமா என்று எதிர்வாதம் எழும். கண்ணைக் கெடுக்கும் வெள்ளொளியையும் காலை அரிக்கும் உப்புநீரையும் குளிர்ந்த அறையிலிருந்து புகழ்வது கொடுமையே. பாத்திகளும் ஒரு காலத்தில் சதுப்பாயிருந்த நிலத்தில் வெட்டப்பட்டவைதாம். உழைப்பாளியின் மகள் வேறு தொழிலுக்குப் போவாளாயின் போகட்டும். ஆனால் இத்தொழிலில் இருக்கும் வரையில், அதன் தூய்மைக்குரிய விலையைத் தொழிலாளி தன் வறுமையாலேயே செலுத்த வேண்டுமென்பது அநீதி. மாசு செய்தவனிடம் வசூலிக்கக் கற்ற சட்டம், மாசு செய்யாதவனுக்கு வழங்க இன்னும் கற்கவில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பெய்ய, பாத்திகள் மூழ்க, கூலி நின்றுவிடுகிறது. 2022இல் தமிழக அரசு இம்மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளருக்கு ரூ.5,000 நிவாரணம் வழங்கத் தொடங்கியது. நல்ல தொடக்கம், மூன்று மாத ஜீவனத்துக்குப் போதாதது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மரக்காணமும் வெள்ளத்தில் கிடந்தது. இங்குள்ள உப்பளங்களில் ஒரு பகுதி மத்திய அரசு குத்தகைக்கு விடும் நிலம். ஆகவே, மழைமாதக் கூலியில் ஒரு பங்கைக் குத்தகை ஷரத்துகளிலேயே சேர்ப்பதற்குப் புதிய தத்துவம் எதுவும் வேண்டியதில்லை. அடுத்த முறை குத்தகை புதுப்பிக்கப்படுகையில் நில உடைமையாளராகிய அரசு அதை எழுதினால் போதும்.