இல்லறத்தாரும் எளிய இன்பங்களும்

ஆசையே துன்பத்திற்கு வேர் என்பது நம் அறத்தின் அடிப்படை. அங்ஙனமாயின், பஞ்சசீலம் ஏற்ற இல்லறத்தார் நல்லாடை உடுத்து மகிழ்வதும், வாய்க்கு இனிதாகச் சமைத்து உண்பதும், வேலை முடிந்த இரவில் கதைநூல் ஒன்றைக் கையிலெடுத்து உலகை மறந்திருப்பதும் குற்றமாகுமா? நம்மவர் கூடுமிடங்களில் இவ்வினா அடிக்கடி எழுகின்றது. முதியோர் இதனைக் கொண்டு இளையோரைக் கடிவதும், இளையோர் அதனை எள்ளி நகைப்பதும் வழக்கமாயினவேயன்றி, அமைதியாக ஆராய்ந்தார் சிலரே. ஆதலின் ஈண்டு நாம் சிறிது ஆராய்வோம்.

இவ்வினா மிகப் பழையது. கோலிய நாட்டில் கக்கரபத்தம் என்னும் ஊரில் தீகஜாணு என்னும் இல்லறத்தான் பகவான் புத்தரை அணுகி இதனையே வேறு வடிவில் கேட்டான். தான் மனைவி மக்களோடு வாழ்பவன், காசிச் சந்தனம் பூசுபவன், மாலை சூடுபவன், பொன்னும் வெள்ளியும் கையாள்பவன். தன்போன்றாருக்கு இம்மையிலும் மறுமையிலும் நலந்தரும் அறம் யாது என்பது அவன் விண்ணப்பம். பகவான் அவனது சந்தனத்தையும் மாலையையும் இகழ்ந்தாரில்லை. முயற்சியுடைமை, ஈட்டியதைக் காத்தல், நல்லோர் நட்பு, வரவறிந்து வாழும் சமவாழ்வு என்னும் நான்கினையே முதற்கண் கற்பித்தார். அச்சமவாழ்வை விளக்குமிடத்து, வரவை மீறிச் செலவிடுவோனைக் கடிந்தவாறே, வரவிருந்தும் வறியவன்போல் வாழ்ந்து மடிவோனையும் கடிந்தார். இப்பின்னதனை நம்மவர் பலர் மறந்துவிடுகின்றனர்.

துறவிக்குரிய அளவுகோலால் இல்லறத்தானை அளப்பது ஒரு பிழை. இல்லாமையையே துறவென்று எண்ணுவது அதனினும் பெரிய பிழை. பருவத்திற்கொன்றாக மூன்று மாளிகைகள் பெற்றிருந்த சித்தார்த்தர் தமதாயிருந்தவற்றை விட்டு நீங்கினார், அது துறவு. ஒன்றும் கையில் சேரவொட்டாமல் தடுக்கப்பட்டவனைத் துறந்தவன் என்று எவ்வாறு கூறுவது? அவன் பறிகொடுத்தவன்.

நம் முன்னோர் பறிகொடுத்தவை யாவை என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டுவதில்லை. 1930ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதியார் ஆதி திராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆடவர் சட்டையோ பனியனோ அணிதல் கூடாது. முழங்காலுக்குக் கீழே துணி இறங்குதல் கூடாது. தலைமுடியைக் கத்தரித்தல் கூடாது. பெண்டிர் மேலாடை அணிதலும் பூச்சூடுதலும் கூடாது. வீட்டில் மட்பாண்டமன்றி வேறு பாத்திரம் புழங்குதல் கூடாது. குடையும் செருப்பும் கூடா. 1931இல் மேலும் சில தடைகள் சேர்ந்தன; பிள்ளைகள் எழுத்தறிதல் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. மீறியோரின் குடிசைகள் எரிந்தன, களஞ்சியங்கள் அழிந்தன. ஹட்டன் என்னும் ஆங்கில அதிகாரி இவற்றைத் தம் நூலில் பதிந்து வைத்துள்ளார்.

அன்பர்களே, இப்பட்டியலை ஊன்றி நோக்குங்கள். ஒரு சட்டை, ஒரு பித்தளைச் செம்பு, ஒரு முழம் பூ, ஓர் அரிச்சுவடி. இவை அற்பமானவையாயின், இவற்றைத் தடுக்கத் தீவட்டி ஏந்தி வருவானேன்? தன் உடலையும் தன் உணவையும் தன் அறிவையும் பேணி மகிழ்பவன் தன்னை மதிக்கத் தொடங்கிவிடுகின்றான்; தன்னை மதிப்பவனை அடிமையாக வைத்திருத்தல் அரிது. இதனை ஒடுக்கியோர் நன்கறிந்திருந்தனர். பாபாசாகேப் அம்பேத்கரும் அறிந்திருந்தார். 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம், தாழ்ந்தோர் என அடையாளம் காட்டும் கட்டுமுறையையும் அணிகளையும் விடுத்துத் தூய்மையாகச் சேலை உடுத்துமாறு அவர் அறிவுறுத்தினார். தாதரில் 'ராஜகிருகம்' என்னும் இல்லத்தைக் கட்டியபோது நூல்களுக்கென்றே பெரிதும் இடம் வகுத்தார். பண்டித அயோத்திதாசரோ 1907இல் தாம் தொடங்கிய இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று விலையையே பெயராக்கினார். படிக்கும் இன்பம் கூலிக்காரனுக்கும் எட்டவேண்டும் என்னும் கருணை அப்பெயரிலேயே விளங்குகின்றது.

ஆயினும், தடுக்கப்பட்டதைப் பெற்றோம் என்பதாலேயே அளவின்றித் துய்த்தல் விடுதலையாகாது. அநாதபிண்டிகருக்கு இல்லறத்தார் இன்பம் நான்கென்று பகவான் வகுத்துரைத்தார்: உடைமை இன்பம், துய்ப்பு இன்பம், கடனிலா இன்பம், பழியிலா இன்பம். இவற்றுள் இறுதியதற்கு ஏனையவை பதினாறில் ஒரு பங்கும் ஈடாகா என்றார். துய்ப்பின்பத்தை அவர் விலக்கவில்லை. கடனின்மையையும் பழியின்மையையும் அதற்கு வேலியாக நிறுத்தினார்.

ஆலையில் உழைத்த காலத்தில், சம்பள நாளன்று வாயிலில் கடன்காரர் காத்து நிற்பதைப் பன்முறை கண்டுள்ளோம். நாள் முழுதும் நூலிழைத்தவன் தன் மகளுக்கெடுத்த பட்டுப்பாவாடைக்கு வட்டி கட்டி முடிப்பதற்குள் பாவாடை கிழிந்துபோகும். இன்று வாயிலில் ஆள் நிற்பதில்லை. மாதத் தவணை கைப்பேசி வழியே வந்து சேர்கின்றது. பிறர் கண்ணுக்காக உடுத்தும் ஆடையே பெரும்பாலும் கடனில் வருவது; தன் உடலுக்காக உடுத்தும் வெள்ளாடைக்குச் சவர்க்காரம் ஒன்றே செலவு.

பழியின்மை இன்னும் நுட்பமானது. கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் அமிழ்தம் என்று நாம் புகழ்கின்றோம். அக்களியைக் கிளறியவள் யார்? ஞாயிறன்று ஆடவன் திண்ணையிலமர்ந்து நூல் படிக்க, அவனோடொப்பக் கூலிவேலை செய்து திரும்பியவள் அடுப்படியில் வேகின்றாளாயின், அவ்வுணவிலும் அந்நூலிலும் அவள் ஓய்வு கரைந்திருக்கின்றது. ஒடுக்குமுறையை வெளியே எதிர்த்துவிட்டு வீட்டினுள் வளர்ப்பது தம்மமாகாது. ஆடவர் அரிவாள்மனையில் அமர்ந்து கீரை ஆயட்டும். பெண்டிரும் ஒரு நாழிகை நூல் விரிக்கட்டும். அப்போதே சுவை பழியற்றதாகும்.

அளவு இன்பத்தைக் குறைக்கும் என்று அஞ்சவேண்டா. கோசல மன்னன் பசேனதி மிகையாக உண்டு மூச்சுத் திணறி வந்தபோது, அளவறிந்து உண்ணுமாறு பகவான் உரைத்தார். மன்னன் உணவைச் சிறிது சிறிதாகக் குறைத்தான். உடல் இலேசாகி உள்ளம் மகிழ்ந்தான். அவன் சோற்றை வெறுத்தவனல்லன்; சோற்றுக்கு அடிமையாதலை விட்டவன்.

பற்றுக்கும் மகிழ்ச்சிக்கும் உள்ள எல்லையும் இதுவே. விருப்பமான சட்டை முள்ளில் கிழிந்தால் தைத்து உடுத்துவோம், அல்லது வருந்தாமல் கந்தையாக்குவோம் எனில், அது மகிழ்ச்சி. அதன் பொருட்டு வீட்டாரை வைது உறங்காதிருப்போமெனில், சட்டையை நாம் அணியவில்லை; சட்டை நம்மை அணிந்துள்ளது.

ஆதலின் நம் இளையோர் தூய ஆடை உடுத்தட்டும். வீட்டார் கூடிச் சமைத்து உண்ணட்டும். கதையும் கவிதையும் படிக்கட்டும். எழுத்தறியாத முதியவர் அண்டை வீட்டிலிருப்பின் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டட்டும். பகிர்ந்தால் குறையாத இன்பம் அது. கடனும் பழியும் சேராத மகிழ்ச்சியை ஐயமின்றி ஏற்போமாக. நம் பாட்டிமார் சூடத் தடுக்கப்பட்ட பூவை நம் பெண்மக்கள் சூடும்போது, அதனைக் கண்டு முகஞ்சுளிக்கும் உரிமை நம்முள் எவர்க்கும் இல்லை.